கேட்டால்தான் கதை நகரும்

ஆசிரியருக்கான நாற்காலியில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கால்கள் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தன. வகுப்பில் முப்பத்தேழு பிள்ளைகள். முப்பத்தெட்டாவதாகக் கடைசிப் பெஞ்சின் ஓரத்தில், முழங்கால் மேசையில் இடிக்க, என் மனைவி. அவள்தான் அந்த வகுப்பின் ஆங்கில ஆசிரியை. போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் அந்த அரசுப் பள்ளிக்கு அப்போது தகரக் கூரைதான். வீட்டுச் சாவியை மறந்துவிட்டுப் போயிருந்தாள். கொடுக்கப் போன நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். காலையில் பஸ்ஸில் ஓர் ஆடு ஏறிய கதையை அந்தச் சிறுமி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவாள். உடனே மற்ற பிள்ளைகளும் என் மனைவியும் சேர்ந்து, "அண்ட் தென்?" என்று கத்துவார்கள். தகரம் அதிரும். அவள் அடுத்த வாக்கியத்துக்குப் போவாள். ஓரிடத்தில் கொம்பு என்பதற்கு ஆங்கிலச் சொல் கிடைக்காமல் திணறி, "ஆட்டின் தலையில் இருக்கும் இரண்டு குச்சிகள்" என்று சொல்லிச் சமாளித்தாள். யாரும் சிரிக்கவில்லை. அந்தக் குச்சிகள் டிரைவரின் முதுகில் குத்திய இடத்தில்தான் சிரித்தார்கள்.

நான் அவளுடைய பிழைகளை எண்ணினேன். பதினான்கு. அன்று மாலை, மீன் கழுவிக்கொண்டிருந்த என் மனைவியிடம் அந்த எண்ணிக்கையைச் சொன்னேன். பதினான்கு பிழைகளைக் காதில் வாங்கிக்கொண்டு ஓர் ஆசிரியை சும்மா இருக்கலாமா என்று பொருமினேன். அவள் நிமிரவில்லை. "பதினாலு தப்பையும் எண்ணிட்டீங்க. சரி, ஆடு எறங்குச்சா இல்லையா? அதச் சொல்லுங்க பாப்போம்" என்றாள். எனக்குத் தெரியவில்லை. நான் பிழைகளைக் கேட்டேனே தவிர, கதையைக் கேட்கவில்லை. "அந்தப் பஸ்ல இருந்த அத்தன பேருக்கும் தெரியும், ஒங்க ஒருத்தருக்குத்தான் தெரியல" என்று செதில் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் எவ்வளவு கேட்டும் அந்த ஆட்டின் கதி என்னவாயிற்று என்று அவள் சொல்லவே இல்லை.

எண்ணுவது முதலில் என் பிழைப்பாக இருந்தது. போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கொடுக்கும் அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தேன். டெக்கில் எத்தனை பேர், பங்க் படுக்கையில் எத்தனை பேர், அரிசி மூட்டை எத்தனை, ஆட்டோடு வருகிறவர்கள் எத்தனை பேர். ஓய்வு பெற்ற பிறகு அது உபத்திரவமாகிவிட்டது. புரோத்ராபூரில் நாங்கள் கட்டிய வீட்டின் கூரை ஒழுகும் இடங்கள் ஐந்து என்பது எனக்குத் தெரியும். கேஸ் சிலிண்டர் என்றைக்குத் தீரும், டவுன் பஸ் இன்று எத்தனை நிமிடம் பிந்தும், தாழ்வாரத்தில் போகும் எறும்பு வரிசை நேற்றைவிட நீளமா என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு கவலை உண்டு. தோட்டத்தில் தேங்காய் விழும் சத்தத்தைப் படுக்கையிலிருந்தே எண்ணுவேன். காலையில் ஒரு காய் குறைந்தால் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகிப்பேன். என் மனைவி எதையும் எண்ணாதவள். இலங்கை மலைத் தோட்டத்தில் பிறந்து, சிறு பிள்ளையாகக் கப்பலேறி, இந்தத் தீவுகளின் தெற்குக் கோடியில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். பாதிக் குடும்பத்தை ஒரு கரையிலும் மீதியை மறு கரையிலும் விட்டவர்களுக்கு எண்ணிப் பார்ப்பதில் விருப்பமிருக்காது என்று நினைக்கிறேன். எதைச் சொன்னாலும் இறுதியில் "வெளங்குதா?" என்பாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அரசு வேலைக்காகக் கடல் தாண்டி வந்த எனக்கு, அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் எரிச்சல் வரும், பிறகு விளங்கிவிடும்.

இந்தத் தீவுப் பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு அவள் எதிர்கொண்ட சிக்கல் புரியும். வீட்டுக்குள் வங்காளம், தெலுங்கு, மலையாளம், தமிழ். வாசல்படி இறங்கினால் எல்லோருக்கும் இந்தி. ஆங்கிலம் புத்தகத்துக்குள் மட்டும் இருக்கும் ஒன்று. தேர்வில் பக்கம் பக்கமாக எழுதும் பிள்ளை, உன் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டால் தன் செருப்பைப் பார்க்கும். அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வாரத்தில் மூன்று நாள் கடைசிப் பாடவேளையைக் கதைக்கு ஒதுக்கினாள். ராஜா ராணிக் கதை வேண்டாம். உனக்கு நடந்ததை, நீ பார்த்ததைச் சொல். சொல்கிறவர் அவளுடைய நாற்காலியில் உட்கார வேண்டும். சொல்லும்போது யாரும் திருத்தக் கூடாது, அவளும்தான். சொல் கிடைக்காவிட்டால் இந்திக்குத் தாவக் கூடாது. கொம்புக்கு இரண்டு குச்சி என்றதுபோலச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். "மரம் விழுந்து ரோடு அடைச்சா பஸ்ஸு சுத்திக்கிட்டுப் போகல? அப்பிடித்தான். ஊருக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான். வெளங்குதா?" ஒரு முறை சொல்லி முடித்த கதையை, அதிலிருக்கும் இன்னொருவராக மாறித் திரும்பவும் சொல்ல வேண்டும். "நௌ யூ" என்று அடுத்த பிள்ளையைக் காட்டுவாள்; அந்தப் பிள்ளை டிரைவராகவோ ஆடாகவோ மாறி அதே காலையைச் சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. கேட்பவர்கள் "அண்ட் தென்?" என்று கேட்காவிட்டால் சொல்கிறவர் அடுத்த வாக்கியம் சொல்லக் கூடாது. கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இந்த முறையை எந்தப் பயிற்சியில் கற்றீர்கள் என்று தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். பக்கத்து வகுப்புக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொன்னபோது நானும் கேட்டேன். எங்கேயும் படிக்கவில்லை என்பாள். தீவின் வடக்குக் கோடியில், திக்லிபூரில் வேலை பார்த்த ஆறு ஆண்டுகளும் அவள் எல்லோரையும்போலப் புத்தகத்தை வாசித்து, கேள்வி பதில் எழுதிப் போட்டுத்தான் பாடம் நடத்தினாள். மாற்றலாகி இந்தப் பக்கம் வந்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

திக்லிபூரில் எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். ஆறு வயது. நான் போர்ட் பிளேரில் வேலை, அவர்கள் இருவரும் வடக்கே. மாதத்துக்கு ஒருமுறை கப்பலில் போய் வருவேன். அப்போது சாலை இருந்தும் இல்லாததுபோல. ஒரு மழை பெய்தால் பஸ் நின்றுவிடும், கப்பல்தான் கதி. மகளுக்குக் காய்ச்சல் வந்தது, போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரக் கப்பலுக்குக் காத்திருந்தபோது இறந்துபோனாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியம்தான். அதற்கு நடுவில் என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. அவளுக்கு நோகும் என்று நான் இருந்தேன். எனக்கு நோகும் என்று அவள் இருந்திருப்பாள். முப்பத்தொரு ஆண்டுகள் ஒரே வீட்டில் அரிசியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பிள்ளைகளின் பிழைகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். மகளைப் பற்றித் தமிழில் எங்களிடம் சொல்லே இல்லாமல் போயிற்று.

ஒரு நாள் காலை சட்டினி அரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். வலக்கையும் வலக்காலும் போயின. மூன்று வாரம் கழித்து வாய் திறந்தபோது வந்தது ஆங்கிலம். "வாட்டர்" என்றாள். "விண்டோ" என்றாள். தமிழ் வரவில்லை. நான் தமிழில் பேசினால் பாதி விளங்கியதுபோல் பார்ப்பாள். பதில் ஆங்கிலத்தில்தான் வரும், அதுவும் அரைகுறையாக. பின்னால் கற்ற மொழி முதலில் திரும்புவது சிலருக்கு நடக்கும், இவர்கள் வகுப்பறையில் பேசிய மொழியல்லவா, ஆழமாகப் பதிந்திருக்கும் என்றார் டாக்டர். அவருக்கு அது சுவாரசியமான விஷயம். நாற்பத்திரண்டு ஆண்டுகள் என்னோடு தமிழில் சண்டை போட்ட மனைவி, முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்பதுபோல "ப்ளீஸ்" சேர்த்துத் தண்ணீர் கேட்பது எனக்கு எப்படி இருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

எனக்கு ஆங்கிலம் எழுத வரும். முப்பத்தைந்து ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். பேச வராது. மேலதிகாரியிடம் "எஸ் சார்", பயணியிடம் இந்தி. வாழ்க்கை அப்படியே போய்விட்டது. அவளோடு பேசத் தொடங்கியபோது வாயிலிருந்து வந்ததெல்லாம் அலுவலகக் கடிதம். மேற்படி மாத்திரையை உடனடியாக விழுங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறாய் என்கிற ரீதியில் ஏதோ சொன்னேன். அப்போது அவளைப் பார்க்க வந்திருந்த பெண், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டுக் கதை சொன்ன அதே சிறுமிதான். இப்போது நாற்பதை நெருங்குகிறாள். ஹார்பரில் கப்பல் அறிவிப்புகளை மூன்று மொழிகளில் ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. கராச்சர்மாவில் குடியிருப்பதால் விடுமுறை நாட்களில் பழமோ மீனோ வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

"அங்கிள், டீச்சருக்கு நோட்டீஸ் அனுப்புறீங்களா? அரே, சும்மா 'டேக் திஸ்'னு சொல்லுங்க, போதும்."

"அது மரியாதையா இருக்காதேம்மா."

"கல்யாணம் ஆகி நாப்பது வருஷம் கழிச்சு என்ன மரியாதை? அப்பவே குடுத்திருக்கணும்."

என் மனைவி இடப்பக்க வாயால் சிரித்தாள். அன்றிலிருந்து நான் மாணவனானேன். கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அன்றைய காலையை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பஸ் ஏன் வரவில்லை, மீன்காரன் எடையில் எப்படி ஏமாற்றினான். அவள் இடக்கையை உயர்த்தி "அண்ட் தென்?" என்பாள். அந்த இரண்டு சொல்லும் அவளுக்குத் தடையில்லாமல் வந்தன. நான் மீன்காரன் தராசுக்குச் சொல் தெரியாமல் நின்றால், இடக்கையால் காற்றில் ஒரு வட்டம் போடுவாள். சுற்றிக்கொண்டு போ என்று அர்த்தம். அவளும் அப்படியே சுற்றிக்கொண்டுதான் போனாள். துருவலைத் "தேங்காயிலிருந்து வரும் மழை" என்றாள். ஒரு முறை அந்தப் பெண்ணிடம் என்னைச் சுட்டி, என் பெயரோ உறவோ கிடைக்காமல், "எண்ணுகிற மனிதர்" என்றாள். அதைக் கேட்டு நான் சமையலறைக்குப் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நான்காம் மாதத்தில் ஒரு பிற்பகல், நான் என் பாடத்தைச் சொல்லி முடித்ததும் அவளாகவே ஒன்றைத் தொடங்கினாள். அவள் சொன்னது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன். "ஒரு நாள் ஒரு சிறுமிக்குக் காய்ச்சல் வந்தது." அதோடு நிறுத்தி என்னைப் பார்த்தாள். சொல் கிடைக்காமல் தவிக்கிறாள் என்று நினைத்து, மாத்திரை நேரம் என்று எழுந்துவிட்டேன். மறுநாளும் அதே வாக்கியம். நான்கைந்து நாள் கழித்து மறுபடியும். ஒவ்வொரு முறையும் அங்கே நின்று என் முகத்தையே பார்ப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது ஹார்பர் பெண்ணின் முன்னால் நடந்தது. திரும்பிப் போகும்போது கேட் வரை வந்த என்னிடம் அவள் சொன்னாள்.

"அங்கிள், டீச்சர் மறந்துபோய் நிக்கல. மத்லப், நீங்க கேக்கணும்னு நிக்கிறாங்க. நீங்க கேக்கலன்னா அவங்க ரூல்படி கதை அங்கயே கதம்."

"எனக்கு அந்தக் கதை தெரியும்மா."

"தெரிஞ்ச கதையா? அப்போ இன்னும் ஈஸி. ரெண்டு வார்த்தைதானே, கேளுங்களேன்."

அவளுக்கு எங்கள் மகளைப் பற்றித் தெரியாது. இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. கேட்டைச் சாத்திவிட்டு, தாழ்ப்பாள் சரியாக விழுந்ததா என்று மூன்று முறை பார்த்தேன். உள்ளே போகப் பயமாக இருந்தது. எனக்குத் தெரிந்தது முதல் வாக்கியமும் முடிவும்தான் என்பது அந்தக் கேட்டருகில்தான் உறைத்தது. நடுவில் ஒரு பகல் முழுவதும் என் மனைவியிடம் இருந்தது. இரண்டாவது முறை தாக்கினால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் போனால் அந்தப் பகலும் போய்விடும். என் மகளின் கடைசிப் பகல் இந்த உலகத்தில் யாரிடமும் இல்லாமல் போய்விடும். அது தெரிந்தும் எனக்குக் கேட்க வாய் வரவில்லை. நாக்கின் நுனியில் இரண்டு சொற்களையும் வைத்துக்கொண்டு, போர்வையைச் சரிசெய்தேன், விசிறியின் வேகத்தைக் குறைத்தேன், கூட்டினேன். அவள் கோபப்படவில்லை. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளுக்காக மாதக்கணக்கில் பொறுத்திருந்தவள்தானே.

ஜூன் மழை தொடங்கிய ஒரு நாள், கூரை ஒழுகும் ஐந்து இடங்களிலும் பாத்திரங்களை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தபடி, "ஒரு நாள் ஒரு சிறுமிக்குக் காய்ச்சல் வந்தது" என்றாள். பாத்திரங்களில் சொட்டும் சத்தம் கேட்டது. நான் கேட்டேன். "அண்ட் தென்?" என் குரல் எனக்கே யாருடையதோபோல இருந்தது.

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். மூன்றாம் நாள் காய்ச்சல் தலைக்கு ஏறியது. வெள்ளைக் கோட்டு போட்டவர் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோகச் சொன்னார். அண்ட் தென்? ஒரு ஜீப் கிடைத்தது. ஏரியல் பே ஜெட்டிக்குப் போனார்கள். கப்பல் காலையில் வந்திருக்க வேண்டும். அண்ட் தென்? கப்பல் வரவில்லை. கடல் பெரிதாக இருந்தது. ஜெட்டிக் கொட்டகையில், மூட்டைகளுக்கு நடுவில், அம்மா தரையில் உட்கார்ந்து மகளை மடியில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அவள் என் கேள்வி முழுதாக முடியும்வரை பொறுத்திருந்து, பிறகே தொடர்ந்தாள்.

சிறுமி கதை சொல்லச் சொன்னாள். அம்மா ஒரு நண்டின் கதையைச் சொன்னாள். அந்த நண்டுக்குப் போர்ட் பிளேரில் இருக்கும் தன் அப்பாவைப் பார்க்க ஆசை. அது டிக்கெட் வாங்க வரிசையில் நின்றது. இந்த இடத்தில் என் மனைவி தன் குரலைச் சிறிதாக்கிக்கொண்டு, "அப்புறம்?" என்றாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த ஒரே தமிழ்ச் சொல் அது. அது அவளுடைய சொல்லுமல்ல; எங்கள் மகளுடையது. நண்டு ஜன்னலுக்கு வந்தது. உள்ளே உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பது அதன் அப்பாவேதான். அப்புறம்? அப்பா காசு வாங்காமல் டிக்கெட் கொடுத்தார். அப்புறம்? நண்டு பலகையில் ஏறிக் கப்பலுக்குப் போயிற்று. எப்படிப் போயிற்று என்பதற்குச் சொல் கிடைக்காமல், இடக்கையைப் போர்வையின்மேல் பக்கவாட்டில் நகர்த்திக் காட்டினாள். கை கட்டிலின் விளிம்புக்கு வந்து நின்றது.

"அண்ட் தென்?" என்றேன்.

"அந்த இடத்தில் அவள் கேட்கவில்லை" என்றாள். "நான் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. நண்டு பலகையில் ஏறிற்று என்று திரும்பவும் சொன்னேன். கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அவள் கேட்கவில்லை."

வகுப்பில் மற்ற முப்பத்தாறு பிள்ளைகளும் தகரம் அதிரக் கத்தியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருபத்தைந்து ஆண்டுகள் ஊரான் பிள்ளைகளைக் கேட்க வைத்துக் கேட்க வைத்து, அந்த ஒரு கேள்வியை அவள் நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வந்தது. இவளுக்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு பாத்திரம் நிரம்பி வழிந்தது, நான் எழுந்திருக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பி, இடக்கை விரலை நீட்டி, "நௌ யூ" என்றாள்.

நான் சொன்னேன். உடைந்த ஆங்கிலத்தில், இறந்தகாலத்தையும் நிகழ்காலத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி, சொன்னேன். முதல் நாள் மாலை, கடல் சரியில்லை என்று செய்தி வந்தது. திக்லிபூர் கப்பல் இன்று புறப்படாது என்று அலுவலகப் பலகையில் எழுதியது நான்தான். சாக்பீஸ் புதிது, எழுத்து அழகாக விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். அண்ட் தென்? மறுநாள் சாயங்காலம், மகள் போய்விட்டாள் என்று வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. கடல் அடங்கி அதே கப்பல் புறப்பட்டது, அதிலேயே ஏறினேன். அண்ட் தென்? கப்பலில் அறுபத்து நான்கு பேர். எண்ணினேன்; எண்ணாவிட்டால் வேறொன்றை நினைக்க வேண்டியிருக்கும். காலையில் வந்து சேர்ந்தேன். பக்கத்து வங்காளிக் குடும்பத்து ஆண்கள் முந்திய மாலையே அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். பொம்பளைகள் அங்கே போகக் கூடாது என்று உன்னை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அண்ட் தென்? இடம் எங்கே என்று கேட்டுக்கொண்டு, வயல் வரப்பில் நடந்து, நான் தனியாகப் போனேன். அண்ட் தென்? நின்றேன். அண்ட் தென்? வீட்டுக்கு வந்தேன். நீ டீ கொடுத்தாய்.

அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். "தனியாக இல்லை" என்றாள். சொல் தேடினாள். இடக்கையால் காற்றில் வட்டம் போட்டுக்கொண்டாள். "நானும் வந்தேன். உங்களுக்குப் பின்னால். பாக்கு மரங்களுக்கு நடுவில் நின்றேன்."

"நீ பாத்தியா?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். அவளுக்கு விளங்கியது. எட்டாத கையை நீட்டி என்னைக் குனியச் சொல்லி, என் முதுகில் இரண்டு தோள்களுக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்தாள். மழை விடும்வரை எடுக்கவில்லை.

அந்த மண்மேட்டின் முன்னால் நான் அழுதிருந்தேன். சத்தம் வராமல், நின்றபடி, நெடுநேரம். பிறகு வாய்க்காலில் முகம் கழுவி, கண் சிவப்பு போகட்டும் என்று காத்திருந்து, அதன் பின்தான் வீட்டுக்கு வந்தேன். தாங்கிப் பிடிக்க வேண்டியவன் நான், அவள் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். வீட்டில் அவள் அடுப்பின் முன் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஈர விறகை ஊதியதால் என்று நினைத்தேன்.

அவள் இறந்து பதினான்கு மாதமாகிறது. இரண்டாம் தாக்குதல், டாக்டர் பயந்தபடியே. அந்த மழைநாளுக்குப் பிறகு அவள் சிறுமியின் கதையைத் தொடங்கவில்லை. மீதி நாட்களில் மீன்காரனைப் பற்றித்தான் பேசினோம். போன மாதம் பஸ்ஸில் திக்லிபூர் போனேன். ஒரு பகல் முழுதும் பயணம். வழியில் எத்தனை பாலம் என்று எண்ணத் தொடங்கி எங்கேயோ விட்டுவிட்டேன். மறுநாள் காலை அந்த வயல்வெளியைத் தேடிப் பிடித்தேன். மண்மேடு இல்லை, அந்த இடத்தில் நெல் நின்றது. பாக்குத் தோட்டம் மட்டும் இன்னும் பெரிதாகியிருந்தது. அங்கே காய் பொறுக்கிக்கொண்டிருந்த வங்காளி ஒருவரிடம், அதோ அந்த வரப்பு முனையில் போய், வயலைப் பார்த்தபடி சிறிது நேரம் நிற்க முடியுமா என்று இந்தியில் கேட்டேன். கிழவனுக்கு ஏதோ என்று நினைத்திருப்பார். போனார்.

நான் மரங்களுக்கு இடையில் நின்று பார்த்தேன். முகம் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது. ஏதோ பூச்சி கடித்திருக்க வேண்டும், அவர் ஒரு தோளை லேசாகக் குலுக்கினார். அந்தச் சிறிய அசைவுகூட இங்கிருந்து தெளிவாகத் தெரிந்தது.

அவர் திரும்பாமலேயே கையை உயர்த்தி, "கித்னா தேர், தாதா?" என்று கத்தினார். எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமாம்.

இன்னும் கொஞ்சம் என்றேன்.